தயிர்க்காரியின் சும்மாடு: பழைய புகைப்படத் தொகுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
சுவர் அலங்காரப் படங்கள் விற்பனை நிறுவனம்.

பொருள்: விளம்பரத்தில் காட்டியவற்றுக்கு மாறான புகைப்படங்களை அனுப்பியது – பணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஆவணி மாதம் தங்கள் இணையதளத்தில் ‘அந்நாளைய தெரு வியாபாரிகள்’ என்ற தலைப்பில் விற்கப்பட்ட, சட்டமிட்ட நான்கு புகைப்படங்கள் கொண்ட தொகுப்பை ரூ.7,600 செலுத்தி வாங்கினேன். மூன்று படங்கள் பழைய மதராஸில் எடுக்கப்பட்டவை என்றும், நான்காவது ‘கும்பகோணம் கடைத்தெரு, 1870’ என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். சொன்ன நாளில் பெட்டி வந்தது, கண்ணாடியும் உடையவில்லை. என் புகார் உள்ளே இருக்கும் படங்களைப் பற்றியது.

முதலில் தயிர்க்காரியின் படத்தைச் சொல்ல வேண்டும். தங்கள் தளத்தில் உள்ள படத்தில், அந்தப் பெண்ணின் தலைக்கும் பானைக்கும் நடுவே பாரம் தாங்கும் துணிச்சுருளான சும்மாடு தெளிவாகத் தெரிகிறது. இடுப்பில் அணைத்த கூடையில் தயிர் அளக்கும் ஆழாக்கு ஒன்றும் இருக்கிறது. எனக்கு வந்த படத்திலோ சும்மாடு கொண்டையாக மாறியிருக்கிறது. கூடை சேலை மடிப்பில் கரைந்துவிட்டது. ஆழாக்கு இல்லவே இல்லை. வெயிலுக்குக் கண்களைச் சுருக்கியபடி நின்ற நடுவயதுப் பெண்ணுக்கு, இருபது வயதுப் பெண்ணின் வழவழப்பான முகம் வந்திருக்கிறது. பானையைப் பிடித்த விரல்கள் பானையின் விளிம்போடு ஒட்டிப்போயிருக்கின்றன.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், மங்கலாக இருந்த படத்தை மென்பொருளால் தெளிவாக்கியதாகவும், சுவரில் மாட்டும் படத்தை யாரும் இவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்றும் கூறினார். உற்றுப் பார்ப்பதற்காகவே நான் அதை வாங்கினேன். என் தந்தையைப் பெற்ற பாட்டி, திருவலஞ்சுழியிலிருந்து கும்பகோணம் கடைத்தெருவரை தயிர்ப்பானையைச் சுமந்து நடந்து விற்றவர். அவரை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை. விடிவதற்கு முன்பே திண்ணையில் அமர்ந்து பழைய வேட்டித் துணியை முறுக்கிச் சுருட்டி அவர் சும்மாடு செய்வதையும், அது கோணலாக அமைந்துவிட்டால் பாரம் முழுவதும் உச்சியில் ஒரே இடத்தில் இறங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதையும் சிறுமியாக அருகிலிருந்து பார்த்தும் கேட்டும் வளர்ந்தவள் நான். உருண்டை அடியுள்ள பானை சும்மாடு இல்லாமல் தலையில் நிற்காது. அதை அழித்துவிட்ட படத்தில் இருப்பவரை நான் தயிர்க்காரி என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

இத்தகைய படங்களில் தொழிற்கருவியே ஆளின் அடையாளம். கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் வாங்குவதற்காகத் தஞ்சை ஓவியர்கள் தீட்டிய தொழிலாளர் படங்களிலும் கணவனும் மனைவியும் தத்தம் தொழிலுக்குரிய பொருள்களோடுதான் நிற்பார்கள். பிறகு கேமரா வந்தபோது, படம் பதியும் தகடு ஒளி வாங்கச் சில வினாடிகள் பிடித்ததால், நடமாடும் தெருவை எடுப்பது எளிதாக இல்லை. எனவே வியாபாரிகளைக் கூடையோடும் தராசோடும் அசையாமல் நிறுத்திவைத்தே பல படங்கள் எடுக்கப்பட்டன. பெரும்பாலும் பெயர்கூட எழுதி வைக்கப்படாத அந்த மனிதர்களுக்கு எஞ்சியிருப்பவை முகமும் கையில் இருந்த பொருளும் மட்டுமே. தங்கள் மென்பொருள் அவ்விரண்டையும் நீக்கிவிட்டது.

தூசியையும் கீறலையும் அகற்றுவதை நான் எதிர்க்கவில்லை. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்கூடத் தம் காகித நெகடிவ்கள் சிலவற்றில் தூரிகையால் மேகங்களைத் தீட்டியவர்தான். ஆனால் அதே டிரைப், கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக இணைத்தபோது, எழுத்துகளை எழுத்துகளாகவே விட்டுவைத்தார்.

எழுத்தைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் நான்காவது படம். அதில் ஒரு கடையின் பெயர்ப்பலகையில் உள்ள தமிழ் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடிகிறது. நெகடிவைப் புறம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். கூடைக்காரப் பெண்கள் மூவருக்கும் முந்தானை வலத்தோளில் இருக்கிறது. அவ்வாறு உடுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. பெயர்ப்பலகை ஐயத்திற்கு இடமே வைக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை, அந்தத் தெருவின் கோடியில் மின்கம்பிக்குக் கீழே ஒரு டிராம் வண்டி நிற்பது. மதராஸிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல்தான். கும்பகோணத்தில் டிராம் ஓடியதே இல்லை. தளத்தில் படத்தின் அந்தப் பகுதியை வெட்டிக் காட்டியிருந்ததால் வாங்கும்போது எனக்கு இது தெரியவில்லை. ஊரும் தவறு, ஆண்டும் தவறு. எங்கள் ஊரின் பெயரை நம்பித்தான் இந்தத் தொகுப்பையே தேர்ந்தெடுத்தேன் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

‘அலங்காரப் பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை’ என்று தங்கள் ஊழியர் கூறியது சரியன்று. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுகின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவும் அதே விதிகள் கடமையாக்கியுள்ளன.

எனவே, தங்கள் செலவில் நான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றம் செய்யப்படாத மூலத்திலிருந்து தயிர்க்காரியின் படத்தை அச்சிட்டு, அந்த மூலம் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதையும் குறிப்பிட்டுத் தர முடியுமானால், அந்த ஒன்றை மட்டும் உரிய விலை கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வேன். நான்காவது படத்தின் கீழ் உள்ள கும்பகோணம் என்ற பெயரைத் தளத்திலிருந்து உடனே நீக்க வேண்டும்; வேறொருவர் அதை நம்பி வாங்கிவிடக் கூடாது. ஒரு மாதத்திற்குள் தீர்வு கிடைக்காவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

படங்கள் வந்த பெட்டியிலேயே பத்திரமாக உள்ளன. ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், தளத்தில் காட்டப்பட்ட படங்களின் நகல், எனக்கு வந்த படங்களின் நகல்.