மறுதாம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் போதுமே என்பாய். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. சனிக்கிழமை தோறும் உன்னை உட்கார வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேனே, அது இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். மெதுவாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை பிராட்ஃபீல்ட் காட்டுக்குப் போய் வந்தேன். நம் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். இங்கிலாந்தின் இந்தப் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு அம்மையார் அங்கே தொண்டு வேலைக்குப் போகிறவர். குளிர்காலம் முழுக்க அங்கே மரம் வெட்டுகிறார், எழுபது வயதில். "பூ முடியறதுக்குள்ள வா" என்று கூப்பிட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை.

காட்டு வாசலில் இறங்கியதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஐந்தாம் வகுப்பில் உங்கள் பள்ளியிலிருந்து இந்தக் காட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போனார்கள். நீ கொண்டுவந்து நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. இரவுப் பணி முடிந்து வந்திருந்தேன். குளிரும் சேறும்தான் இருக்கும், பூச்சி கடிக்கும், காட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்று உன்னை வேறு வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். நீ அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதை இப்போது எழுதவே இந்தக் கடிதம்.

பயம் மட்டும் காரணமில்லை. 2002 ஜனவரியில் நாம் இந்த ஊருக்கு வந்தபோது ரோட்டோரம் இருந்த மரம் ஒன்றில்கூட இலை இல்லை. கடலூர்ப் பக்கம் பிறந்தவளுக்கு அப்படி ஒரு மரத்தைப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான்: பட்டமரம். ஒரு ஊரே பட்டுப்போய் நிற்கிறதே, இங்கே எப்படிப் பிள்ளையை வளர்க்கப்போகிறோம் என்று ஆஸ்பத்திரிக் குடியிருப்பின் ஜன்னலில் நின்று அழுதேன். மே மாதம் எல்லாம் துளிர்த்த பிறகும் மனசுக்குள் அந்த முதல் படம் அழியவில்லை. காடு என்றால் எனக்கு அந்த ஜனவரிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மையார் ஒரு ஆஷ் மரக் கிளையை வளைத்துக் காட்டினார். மற்ற மரமெல்லாம் இளம்பச்சையாக இருக்க, ஆஷ் மட்டும் இன்னும் மொட்டையாக நின்றது. நுனியில் கரியால் செய்தது போல ஒரு மொட்டு. அதற்குள் இலை முழுதாக மடிந்து இருக்கிறதாம், போன கோடையிலேயே தயாராகிவிட்டதாம். ஊரில் முருங்கைக் குச்சியை நகத்தால் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்போமே, இங்கே அதுகூட வேண்டாம். மொட்டைப் பார்த்தாலே உயிர் தெரிந்துவிடும். இலை உதிர்வதும் மரம் தானாகச் செய்கிற காரியம்தான். குளிர் வருவதற்கு முன் இலையில் இருக்கிற சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் தக்கை மாதிரி ஒரு சுவரை எழுப்பி, காயம் ஆறின பிறகே இலையை விடுகிறது. முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் நான். இதைக் கேட்டபோது நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

உள்ளே போனால் களிமண். பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. காட்டைச் சுற்றி ஒரு பெரிய கரையும் அதற்கு வெளியே பள்ளமும் ஓடுகின்றன. ஏரிக்கரை மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். ஆடு மாடு உள்ளே புகுந்து துளிரை மேய்ந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் வெட்டியதாம். எந்தத் துளிரை என்றால், அங்கேதான் கதை இருக்கிறது.

இந்தக் காட்டில் பெரிய ஓக் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. நடுவில் நிறைந்திருப்பது ஹேசலும் ஆஷும். அவை ஒற்றை அடிமரமாக இல்லை. தரையோடு ஒரு கட்டை, அதிலிருந்து பத்து இருபது கம்புகள் நேராக எழுந்து நிற்கின்றன. குளிர்காலத்தில் ஒரு பாத்தியில் உள்ளதை எல்லாம் அடியோடு வெட்டிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் பக்கத்துப் பாத்தி. இப்படியே சுற்றி வந்து இருபது, இருபத்தைந்து வருஷத்தில் மறுபடி முதல் பாத்திக்கு வருவார்கள். அதற்குள் வெட்டின கட்டையிலிருந்து கம்பு மறுபடி வளர்ந்து நிற்கும். காப்பிஸ் என்கிறார்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை, தம்பி. இது மறுதாம்பு! கரும்பை வெட்டின பிறகு அதே கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளருமே, அதேதான்.

உன் தாத்தாவின் கரும்புக் கொல்லையை நீ பார்த்ததில்லை. கரும்பு வெட்டும்போது தாத்தா வரப்பில் நின்று ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "மண்ணோட வெட்டு, மண்ணோட வெட்டு." உயரத்தில் வெட்டினால் மறுதாம்பு வலுவாக வராது. அந்த அம்மையாரிடம் எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டேன். தரையை ஒட்டி, மழைநீர் தங்காமல் சாய்வாக என்றார். தாத்தா பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

ஆனால் கரும்பில் இரண்டு மூன்று மறுதாம்போடு கட்டையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கரணை நடுவோம். இங்கே 1252ஆம் ஆண்டிலிருந்து இப்படி வெட்டி வருவதற்கு ஏடுகள் இருக்கின்றன. அப்போது காடு பெரி மடாலயத்துக்குச் சொந்தம். ஆமாம், நீ சின்னப் பிள்ளையாக ஓடி விளையாடிய மடாலயத் தோட்டத்தில் இடிந்த சுவர்கள் நிற்கின்றனவே, அதே மடாலயம்தான். 1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மடாலயம் போனது, வெட்டுவது நிற்கவில்லை. கருவிப் பிடிக்கும் வேலிப் படலுக்கும் கூரை வேய்கிற முளைக்கும் விறகுக்கும் இங்கிருந்துதான் கம்பு போனது. பக்கத்துக் கிராமத்தில் வைக்கோல் வாருகிற, பல் வைத்த மரக்கோல் செய்கிற பட்டறைகூட இந்த ஆஷை நம்பி இருந்தது.

ஒரு ஆஷ் கட்டையைக் காட்டினார்கள். வெட்ட வெட்ட வெளிப்பக்கமாகவே விரிந்து, நடுப்பகுதி மக்கிப்போய், இப்போது ஒரு வட்டமாக நிற்கிறது. குறுக்காக அளந்தால் சுமார் 18 அடி. ஆயிரம் வயது இருக்கலாம் என்கிறார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் ஆஷ் இருநூறு முந்நூறு வருஷத்துக்கு மேல் தாங்குவது அரிதாம். நான் அதைச் சுற்றி நடந்தேன். கோயிலில் நடப்பது போலத்தான் கால் போனது. யாரும் தவறாக நினைக்கவில்லை.

அதே ஆஷுக்குத்தான் இப்போது நோயும் வந்திருக்கிறது. ஆசியாவின் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஒரு பூஞ்சை; இங்கிலாந்தில் 2012இல் கண்டுபிடித்தார்கள். கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்குகிறது. பாதையோரம் சில மரங்களில் தலைப்பகுதி வெறும் குச்சியாக நின்றது. இந்த முறை அது உண்மையாகவே பட்டமரம். மொட்டைப் பார்த்து எனக்கே தெரிந்தது. எல்லா மரமும் சாகாது, சிலவற்றுக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது, அவற்றின் விதை வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்த ஆயிரம் வயதுக் கட்டை தாங்க வேண்டும் என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

சரி, பூவுக்கு வருகிறேன். மரங்களில் இலை அடர்ந்துவிட்டால் தரைக்கு வெயில் வராது. அதனால் தரையில் இருக்கிற செடிகளுக்கு மார்ச்சிலிருந்து மே வரைக்கும்தான் வாழ்க்கை. அதற்குள் இலை விட்டு, பூத்து, கிழங்கில் அடுத்த வருஷத்துக்கான சோற்றைச் சேர்த்துக்கொண்டு அடங்கிவிட வேண்டும். வெள்ளை அனிமனி முடியும் தறுவாயில் இருந்தது. நூறு வருஷத்தில் அது ஆறடிதான் பரவுமாம். ஒரு சின்னத் திட்டைக் காட்டி, இது தொடங்கியபோது யார் ராஜாவோ என்றார் அந்த அம்மையார். ஆக்ஸ்லிப் என்று இளமஞ்சள் பூ, ஒரே தண்டில் கொத்தாக, எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து. இங்கிலாந்தில் அது சஃபோக், எஸெக்ஸ், கேம்பிரிட்ஜ் பக்கத்துப் பழைய களிமண் காடுகளில்தான் பெரும்பாலும் உண்டு. மானுக்கு அது பிடித்த தீனி என்பதால் வெட்டின பாத்தியைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் காட்டுப் பூண்டு வாசனை வந்தது. ரசம் கொதிக்கிற வீட்டைக் கடந்து போவது போல!

அப்புறம் புளூபெல். எப்படிச் சொல்வது? ஒரு வளைவில் திரும்பினேன், மரங்களுக்கு நடுவில் தரை நீலமாக இருந்தது. பக்கத்தில் போனால் ஒவ்வொரு பூவும் தனியாகத் தெரிகிறது; தள்ளி நின்றால் பூவே தெரியவில்லை, நிறம் மட்டும்தான் நிற்கிறது. காற்று அடித்தபோது மெல்லிய வாசனை ஒன்று வந்தது, மல்லிகை மாதிரி முன்னால் வந்து நிற்காது, தேடினால் போய்விடும். உலகத்தில் உள்ள புளூபெல்லில் பாதியளவு இந்தப் பிரிட்டனில்தான் இருக்கிறதாம். விதை விழுந்து பூக்க ஐந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு குடும்பம் படம் எடுப்பதற்காகப் பூவுக்குள்ளேயே நடந்து போனது. இலை மிதிபட்டால் கிழங்குக்குச் சோறு இல்லை, அந்த இடம் மீள வருஷங்கள் ஆகும். அந்த அம்மையார் போய் மெதுவாகச் சொன்னதும் திரும்பி வந்துவிட்டார்கள். தெரியாமல் செய்வதுதான். தெரியாமல் நானும் எவ்வளவோ செய்திருக்கிறேன்.

இந்தக் காடே இல்லாமல் போயிருக்கும் என்று வரும் வழியில் சொன்னார். 1960களில் இதன் ஒரு பாகமான மாங்க்ஸ் பார்க்கின் பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி விளைநிலமாக்கிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எதிர்த்து நின்ற பிறகு, 1970 வாக்கில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று மிச்சத்தை வாங்கியது. இப்போது சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. இந்தக் காட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ராக்கம் பெயரை எல்லோரும் மரியாதையாகச் சொல்கிறார்கள். அங்கே நின்றபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் உன்னைக் கூட்டிக்கொண்டுபோக நினைத்தது சும்மா ஒரு சுற்றுலாவுக்கு இல்லை. எண்ணூறு வருஷமாக ஒரு ஊர் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றியதை, இது உன்னுடையதும்தான் என்று உனக்குக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் நின்று தடுத்தவள் நான். மன்னித்துக்கொள், தம்பி.

இந்த ஜனவரியில் வெட்டிய பாத்தியைப் பார்த்தேன். வெறும் கட்டைகளும் சேறும். துளிர் இப்போதுதான் சுண்டுவிரல் உயரம். வெயில் நேராகத் தரையில் விழுகிறதல்லவா, இவ்வளவு நாள் நிழலில் காத்திருந்த செடிகள் எல்லாம் அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் அங்கே பொங்கிப் பூக்குமாம். அப்புறம் கம்பு வளர்ந்து நிழல் கட்டிவிடும்; அடுத்த வெட்டு வரை பொறுத்துக் கிடக்கும்.

அதனால் தீபாவளிக்கு வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லாதே. சிங்கப்பூரில் உன் ஆபீஸில் விடுப்பு இப்போதே கேட்டு வை, ஏப்ரல் கடைசி வாரத்துக்கு. அந்தப் பாத்தி எங்கே என்று எனக்கு வழி தெரியும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் பழைய ரப்பர் பூட்ஸ் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. அது இப்போது உனக்குப் பத்தாது. கால் அளவை எழுது, புதிது வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா