ஏட்டுச் சுரைக்காயும் காட்டுக் கிழங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடி மக்களின் பாரம்பரிய அறிவைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். உழைத்து எழுதிய கட்டுரை. கடைசிப் பத்திதான் நெருடியது. 'மூத்தவர்கள் மறைவதற்குள் எல்லாவற்றையும் ஆவணப்படுத்திவிட வேண்டும்' என்று முடித்திருந்தார்கள். எழுதி வைத்துவிட்டால் காப்பாற்றியது ஆகிவிடுமா?

சில வருடங்களுக்கு முன்னால், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கும் வேலையில் எழுத்து வேலைக்காக நானும் உட்கார்ந்தேன். ஊரில் உள்ள செடிகொடி, விலங்குகள், அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தவை எல்லாவற்றையும் எழுதி வைப்பது அது; 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டும். கையில் அச்சடித்த படிவம். செடியின் பெயர், பயன்படும் பாகம், கிடைக்கும் பருவம், பயன் என்று வரிசையாகக் கட்டங்கள். எதிரே ஒரு பாட்டி. காட்டுக் கிழங்கு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். "எந்த மாசம் தோண்டுவீங்க?" என்றேன். "மாசமா? கொடி காஞ்சு எலை உதிரணும், அப்பத்தான்" என்றார். கட்டத்தில் மாதம்தான் எழுத வேண்டும். நான் ஒரு மாதத்தை எழுதினேன். மழை முன்னே பின்னே ஆனால் கொடி காய்வதும் முன்னே பின்னே ஆகும், அவர் சொன்னதுதான் சரி என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

அப்புறம் எப்படித் தோண்டுவது என்று கையால் காட்டினார். கிழங்கை முழுசாகப் பிடுங்குவதில்லை. கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை விட்டுவிட்டு, கீழே உள்ளதை மட்டும் அறுத்து எடுத்து, குழியில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வர வேண்டும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் கொடி கிளம்பும். இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை, ஓரத்தில் கிறுக்கி வைத்தேன். "இப்ப எங்கே கிடைக்கும் பாட்டி?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "அங்கிட்டுப் போயி வருசம் எத்தனையோ ஆச்சு. உள்ளே விடறதில்லையே." பேரப்பிள்ளைகள் அந்தக் கொடியைப் பார்த்ததே இல்லையாம். அதை எங்கே எழுதுவது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்றைக்கு நான் எழுதிய கிழங்கும் அந்த ரகம்தான்.

எழுத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மஞ்சள் வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்துப் போய், பழைய நூல்களையும் 1953இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. காகிதம் இருந்ததால் ஜெயித்தோம். அந்த அனுபவத்தில்தான் 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ளவற்றைக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கிற வடிவில் அதில் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது நூல்களிலிருந்து எடுத்தது. நூலே இல்லாத மக்களின் அறிவு அதில் எப்படி இருக்கும்?

சரி, வாய்மொழியாக இருப்பதையும் எழுதி ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பகிரங்கமாக எழுதிவிட்டால் வேறொருவன் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் படித்துப் பயன்படுத்தலாம், சொன்னவர்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று ஆகிவிடும். 2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, தொகுத்து எழுதப்பட்ட பாரம்பரிய அறிவை உள்நாட்டில் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து, அதாவது வரும் பலனில் அந்த மக்களுக்குப் பங்கு தருவதிலிருந்து, விலக்கே கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அந்தப் பாட்டியிடம் சொல்லிவிட்டா நாங்கள் பேனாவைத் திறந்தோம்? இல்லை.

கேட்காமல் எடுத்துவிட்டு அப்புறம் பங்கு கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் காணிப் பழங்குடி மக்களின் கதை இருக்கிறது. 1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் ஏறி இறங்கிக் களைத்துப் போக, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சளைக்காமல் நடந்திருக்கிறார்கள். என்ன காய் என்று கேட்டால் சொல்லத் தயங்கினார்களாம். வற்புறுத்தியபிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்து, வந்ததில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கினார்கள். அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று எடுத்துச் சொன்னார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் எனக்குக் கண்ணில் படுவது அந்தத் தயக்கம். வெளியே சொல்லக் கூடாத ஒன்றை இரண்டு மூன்று இளைஞர்கள் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமூகத்தின் வைத்தியர்கள் சிலர் பின்னால் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். பங்கு பிரித்தது பிற்பாடு, அனுமதி கேட்டது எப்போது? போகட்டும். காணிகளே அந்தச் செடியை வளர்த்து இலை விற்கலாம் என்று பார்த்தபோது, காட்டுச் செடி அழிந்துவிடும் என்று வனத்துறை ஒப்பவில்லை. அறிவுக்குப் பங்கு உண்டு, செடி மேல் உரிமை இல்லை!

காட்டிலிருந்து ஆளைப் பிரித்தால் காட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் கட்டுரை தொடவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் சோலிகர் பழங்குடியினர், கோடை முற்றுவதற்கு முன்பே தரையில் கிடக்கும் சருகுக்கு மட்டும் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். சருகு கொஞ்சமாக இருக்கும்போதே வைப்பதால் தீ மேலே ஏறாது, மரம் கருகாது. 1974இல் அந்தக் காடு சரணாலயம் ஆனது, தீ வைப்பது குற்றம் ஆனது. இப்போது உண்ணிச்செடி காடு முழுக்கப் புதராக மண்டிக் கிடக்கிறது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறிவிட்டது. அந்தச் சின்னத் தீதான் இரண்டையும் அடக்கி வைத்திருந்தது என்கிறார்கள் சோலிகர்கள். ஆய்வாளர்களும் அவர்களோடு உட்கார்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த நாளில், எந்தக் காற்றில், எந்தச் சரிவில் வைப்பது என்பது வைத்துப் பழகினால்தான் கைக்கு வரும்.

இது அங்கே மட்டும் நடந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்டின் மேற்குப் பகுதியில் மக்கள் இடம்பெயர்ந்துபோய் நிலம் ஆளற்றுக் கிடந்தபோது, கோடைக் கடைசியில் பெருந்தீ பிடித்து எரிந்தது. பழங்குடி மக்கள் திரும்பிப் போய், வறட்சி தொடங்கும் மாதங்களிலேயே துண்டு துண்டாகத் தீ வைக்கத் தொடங்கினார்கள். 2006 முதல் அந்த வேலைக்கு, பசுமைக்குடில் வாயுக்களைக் குறைத்த கணக்கில், ஓர் எரிவாயு ஆலை பணமே கொடுத்தது. முதியவர்கள் இளையவர்களைக் கூட்டிக்கொண்டு நிலத்தில் நடந்ததால் அந்த அறிவு மீண்டது.

வாய்மொழியைக் குறைவாக நினைப்பவர்களுக்கு சிமுலுயே தீவைச் சொல்வேன். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள அந்தத் தீவை 1907இல் ஆழிப்பேரலை அழித்தது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று தீவில் ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர். சங்கும் ஊதவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை. பாட்டி சொன்னது நினைவிருந்தது, ஓடினார்கள்.

சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பாரம்பரிய அறிவின் மீதான சமூக உரிமையையும் பல்லுயிர் வளத்தை அணுகும் உரிமையையும் ஒரே உட்பிரிவில் சேர்த்து வைத்திருக்கிறது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது என்று. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் 2024 மே மாதம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம், காப்புரிமை கேட்பவர் மரபுவளம் எந்த நாட்டது, அறிவு எந்த மக்களிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அது காப்புரிமை மனுவோடு நின்றுவிடும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் 2013இல் 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னதே, அப்படி 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அறிவு விஷயத்திலும் வேண்டும். சொல்ல மாட்டேன் என்று ஒரு வைத்தியர் வாயை மூடிக்கொண்டால், அதையும் உரிமை என்று மதித்துப் படிவத்தை மடித்து வைக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் இதழ் பற்றியே ஒன்று. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வாராவாரம் வரும் மூலிகைப் பகுதியில் 'மலைவாழ் மக்களின் ரகசிய மருந்து' என்ற தலைப்பை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். எந்த மக்கள் என்று ஒருமுறைகூட இல்லை. ரகசியம் என்றால் அச்சிடலாமா என்று யாரையாவது கேட்டீர்களா என்றும் இல்லை. அடுத்த முறை அந்தப் பகுதி வரும்போது எந்தச் சமூகம், சொன்னவர்கள் வெளியிடச் சம்மதித்தார்களா என்ற இரண்டு விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். சம்மதம் இல்லாத வாரம் அந்த இடத்தில் குறுக்கெழுத்து போடலாம், நான் நிரப்பிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்