கடல் வானொலிகளை முடக்கியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கரையிலிருந்து தெரியும் கப்பல்களைப்போல நங்கூரமிட்டு நின்று, உரிமம் இல்லாமல் கரைக்கு ஒலிபரப்பியவைதான் கடற்கொள்ளையர் வானொலிகள். 1964 மார்ச்சில் அவற்றுள் ஒன்றான ரேடியோ கரோலைன் தொடங்கியபோது பிரிட்டனின் கடல் எல்லை 3 கடல் மைல். அதற்கு அப்பால் அந்நாட்டுச் சட்டம் அன்று எட்டவில்லை. உண்மையான பாடு கப்பலில்தான். மத்திய அலை ஆன்டெனாவுக்கு உப்புநீர் அருமையான எர்த் (தரை இணைப்பு). ஆனால் அதே உப்பு, மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேட்டரில் படிந்தால் பொறி பறக்கும், டிரான்ஸ்மிட்டர் நின்றுவிடும். ஆன்டெனாக் கம்பத்துக்கும் ஆபத்துதான்: கரோலைன் பிற்காலத்தில் பயன்படுத்திய ராஸ் ரிவெஞ்ச் கப்பலின் சுமார் 300 அடிக் கம்பம் 1987 அக்டோபர் புயலைத் தாங்கி, நவம்பரில் சரிந்தது.

1967 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த பிரிட்டிஷ் சட்டம் கெட்டிக்காரத்தனமானது. கப்பலைப் பிடிப்பதைவிட, கரையிலிருந்து விளம்பரமும் உணவும் எரிபொருளும் போவதைக் குறிவைத்தது. இன்னொரு கப்பல் வானொலியான ரேடியோ லண்டன், சட்டம் நடப்புக்கு வருமுன்பே மூடிவிட்டது. கரோலைன் மட்டும் அசரவில்லை.

வானொலி ஆர்வலர்கள்,
தெம்பனிஸ்