சேத்துக்குள்ள வந்து போணி பண்ண அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். தை பொறந்ததும் பார்லர திரும்ப திறந்துட்டேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல எங்க தூத்துக்குடி என்ன பாடு பட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுன மழை அது, அத மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரல. நன்றிய மட்டும் சொல்லிடுறேன்.

கழுத்தளவு தண்ணில வீட்டுக்கு பால் பாக்கெட் கொண்டாந்த தெரு பசங்க, ரெண்டு மாச வாடகை வேண்டாம்னு சொன்ன கடை ஓனர் அண்ணாச்சி, என் பேர்ல தவணைய கட்டிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்த மகளிர் குழு அக்காமாரு, வயரிங்க பூரா மாத்திட்டு கூலிய மெதுவா குடுங்கன்னு சொன்ன தம்பி, தன் வீட்டு சேத்த விட்டுட்டு முதல்ல என் கடைக்கு ஓடி வந்த நாத்தனாரு, எல்லாரும் நல்லாருக்கணும்.

ஆனா இந்த மடலே ஒருத்தங்களுக்காகத்தான். வெளியூர்ல இருந்து லாரில சேறு அள்ள வந்த தூய்மைப் பணியாளர் அக்கா, மதுரைப் பக்கம்னு மட்டும் சொன்னாங்க, நான் இருந்த நெலமைல பேரு கேக்கல.

தண்ணி வடிஞ்சு நான் கடைக்கு போனப்ப அவங்க படியில உக்காந்து எனக்காக காத்துட்டு இருந்தாங்க. மடியில ஒரு துண்டு, அதுக்குள்ள என் கத்தரி. வாசல் சேத்துல கெடந்துச்சாம், கழுவி, துரு ஏறிரக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுல ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் கேட்டு வாங்கி தடவி வச்சிருக்காங்க. "இத வச்சுத்தான பொழைக்கிற தாயி"ன்னு கையில குடுத்தாங்க.

அது என்ன கத்தரின்னு அவங்களுக்கு தெரியாது. எங்கம்மா உப்பளத்துல வேலை பாத்தவங்க, பத்தாவது முடிச்சதும் நான் ஒரு பார்லர்ல முடி கூட்டவும் டவல் தொவைக்கவும்தான் சேந்தேன், ராத்திரி வீட்டுக்கு வந்து என் கெண்டைக்கால் முடியிலயே நூல் புடிச்சு பழகுனேன், பல்லுல நூல கடிச்சு கடிச்சு உதடு கிழிஞ்சிருக்கு. கல்யாணமாகி திருப்பூர் போயி பனியன் கம்பெனில செக்கிங்ல நின்னேன், கைத்தொழில் அதோட போச்சுன்னுதான் நினைச்சேன். ஊருக்கு திரும்பி வந்தப்ப அந்த பார்லர் அக்கா கடைய மூடப் போறாங்க, "நீ விட்டுறாத"ன்னு சொல்லி அவங்க கத்தரிய என் கையில குடுத்தாங்க. அத ஒரு பையில போட்டுட்டு வீடு வீடா போயி ஐப்ரோ, மெஹந்தி, கல்யாண மேக்கப்புன்னு ஆரம்பிச்சப்பதான் 2020ல லாக்டவுன், ஒருத்தர் முகத்த ஒருத்தர் தொடக் கூடாதுன்னு ஆயிருச்சு. அப்புறம் முத்ரா கடன்ல 50,000, குழு லோன், செயின அடகு வச்சதுன்னு சேத்து 2022ல பத்துக்கு பத்து ரூம்ல போர்டு மாட்டுனேன். சேர், ஸ்டீமர், வேக்ஸ் ஹீட்டர், கண்ணாடி, எல்லாம் ஒண்ணரை வருஷம்தான். மிஞ்சுனது அந்த கத்தரி.

நான் அழுறத கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாங்க. ஆறுதல்லாம் சொல்லல. ஒரு வாளிய கவுத்துப் போட்டு உக்காந்து, "எனக்கு புருவம் எடுத்து விடு, இந்த வயசு வரைக்கும் எடுத்ததே இல்ல"ன்னாங்க. கரண்ட் இல்ல, பவுடர் இல்ல, பிளீச்சிங் வாடை, எதுத்த பெட்டிக்கடையில நூல்கண்டு வாங்கி வாசல் வெளிச்சத்துல எடுத்தேன். எனக்கு கை நடுங்குச்சு, அவங்க புருவத்த ரெண்டு விரலால இழுத்து புடிச்சுகிட்டு அசையவே இல்ல, கண்ணுல மட்டும் தண்ணி வழிஞ்சுது. என் போன்ல முகத்த பாத்துட்டு சிரிச்சாங்க பாருங்க, அந்த சிரிப்புலதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

காசு வேண்டாம்னு கைய புடிச்சேன். "போணி தாயி, போணிய வேண்டாம்னு சொல்லக் கூடாது"ன்னு 50 ரூவாய கத்தரி மேல வச்சுட்டு மண்வெட்டிய தூக்கிட்டு லாரிகிட்ட போயிட்டாங்க. நாள் முழுக்க சேறு அள்ளி கெடைச்ச காசு அது. நிவாரணமா எவ்வளவோ பேர் குடுத்தாங்க, அதுக்கெல்லாம் நன்றி இருக்கு, ஆனா என்னைய தொழில்காரியா நினைச்சு கூலி குடுத்தது அவங்க மட்டும்தான். நாசமா போன கடைன்னு நான் நினைச்ச எடத்த அவங்க கடைன்னு நினைச்சு உள்ள வந்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே வெளக்குமாறு எடுத்துட்டேன்.

அந்த நோட்ட செலவழிக்கல, கல்லாவுக்கு அடியில இருக்கு. இனிமே எங்க பக்கம் யாரு புதுசா கடை போட்டாலும், இட்லிக்கடையோ தையல் கடையோ, மொத போணி என்னோடதுதான், இது நான் எனக்கே செஞ்ச சத்தியம்.

மதுரைப் பக்கம் யாராவது அந்த அக்காவ பாத்தா இத படிச்சு காட்டுங்க. அக்கா, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, இந்நேரம் புருவம் வளந்திருக்கும். வாங்க. புது சேர் வந்திருக்கு, சாஞ்சு உக்காரலாம்.