காசியோப்பியாவில் எதுவும் எரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் காசியோப்பியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சத்தின், அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சத்தின், படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பேத்தி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் படத்துக்குக் கீழே ‘இன்னும் எரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரம்’ என்று இருந்ததே, அது தவறு.

அந்த நட்சத்திரம் வெடித்த ஒளி பூமியை எட்டி ஏறக்குறைய 350 ஆண்டுகள் ஆகின்றன. சிதறிய பொருள் இன்றும் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுற்றியுள்ள வாயுவை மோதுகிறது. சம்மட்டி அடி விழ விழ இரும்பு சூடேறுமே, அதுபோல மோதலிலேயே வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குக் கொதித்து எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம் அந்த நிறங்கள். நேரில் போய்ப் பார்த்தாலும் அப்படித் தெரியாது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிர் விடும்: சிலிக்கன் 1.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை (இது ஆற்றலை அளக்கும் அலகு) ஒட்டி, இரும்பு 6.7-ஐ ஒட்டி. நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி இதைப் பிரித்தறிந்தது. சிலிக்கனுக்குச் சிவப்பு, கந்தகத்துக்கு மஞ்சள், கால்சியத்துக்குப் பச்சை, இரும்புக்கு ஊதா என்று நிறம் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள். ஓரத்து நீல விளிம்பு மட்டும் வேறு கதை. அது சூட்டால் வருவதல்ல. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் வருவது.

உங்கள் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நட்சத்திரத்தின் அடிவயிற்றில் உருவான இரும்பு, தென்கிழக்குப் பக்கத்தில் சிலிக்கனைத் தாண்டி வெளியே நிற்கிறது. சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டதுபோல! சந்திரா விண்ணுக்குப் போன மறு ஆண்டே, 2000-இல், இதைக் கண்டுகொண்டார்கள். வெடிப்பு உருண்டையாக, ஒழுங்காக நடக்கவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் எக்ஸ் கதிர் ஆய்வுச் செயற்கைக்கோள் எக்ஸ்போசாட்டின் எக்ஸ்பெக்ட் கருவியும் முதலில் நோக்கியது இதே காசியோப்பியாவைத்தான். அது படம் எடுக்காது. மக்னீசியம், சிலிக்கன், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு எனத் தனிமத்துக்கு ஒரு மேடாக எழும்பும் வளைகோட்டைத்தான் தந்தது. அலமாரியில் ஒட்டுமளவு அழகில்லைதான். இருந்தாலும் அடுத்த இதழில் அதையும் ஒரு மூலையில் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்