உதவி ஊழியக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயா, கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். கடந்த ஓராண்டில் நம் குழு செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மருத்துவமனைச் சந்திப்பு, முதியோரை ஆராதனைக்கு அழைத்து வருவது, துக்க வீடுகளில் கூடமாட நிற்பது எல்லாம் வழக்கம்போல் தடையில்லாமல் நடந்தன. துணி சேகரிப்பும் நடந்தது. அதில் மட்டும் ஒரு வேண்டுகோள்: கிழிந்ததையும் சாயம் போனதையும் மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டாம். வேதாகமத்தில், யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சகோதரி இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தன் கையால் செய்த அங்கிகளை. யாரோ கழித்துப்போட்டதை அல்ல.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது துணையிருக்கும் பணி. பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சகோதரியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தோம். ஜெபம் முடிந்ததும், “என்னம்மா உதவி வேண்டும்?” என்று கேட்டோம். “பணமெல்லாம் வேண்டாம் ஐயா. யாராவது கொஞ்ச நேரம் இவர் பக்கத்தில் இருந்தால் போதும், நான் தூங்கி எழுந்துவிடுவேன்” என்றார். அப்புறம்தான் இப்படிப்பட்ட வீடுகளைக் கணக்கெடுத்து, முறை வைத்துப் போகத் தொடங்கினோம்.

சும்மா போய் உட்கார்ந்தால் ஆகாது. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும், இருவராகத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். படுத்தபடியே தண்ணீர் கொடுத்தால் புரையேறும், தலையை உயர்த்திவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் மோசேயின் கைகளைத் தாங்கியதைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்பே ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து அவரை உட்காரச் செய்தார்கள் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. முதலில் அந்தக் கல்லைத் தேடுகிறவர்கள்தான் நம் குழுவுக்கு வேண்டும்.

ஆண்டின் நடுவில் ஒரு முறையீடு வந்தது. தெரிந்த வீடுகளுக்கே உதவி போகிறது, வேறு மொழி பேசும் குடும்பங்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றார்கள். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் இதே குறைதானே எழுந்தது? கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அந்த வழியிலேயே, முறையிட்டவர்களில் இருவரைக் குழுவில் சேர்த்து, வீடு சந்திக்கும் பட்டியலையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

உதவி பெறுகிறவர்களின் புகைப்படங்களை அறிவிப்புப் பலகையில் போட்டால் காணிக்கை கூடும் என்ற யோசனையும் வந்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு வேண்டாமென்று தீர்மானித்தோம். எனக்கு இதில் முழுத் திருப்தி. கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்; வாங்கினவர்களைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. ஒருவரும் குற்றம் சொல்லாதபடி, தீத்துவோடு சபைகள் நம்பிய சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). நாமும் இனி ஒவ்வொரு வழங்கலிலும் இருவர் கையெழுத்து இருக்க வேண்டுமென்று முடிவெடுத்திருக்கிறோம். தணிக்கை செய்த வரவுசெலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. “நான் ஊழியமெல்லாம் செய்வதில்லை, நாற்காலிதான் போடுகிறேன்” என்று ஒரு தம்பி சொன்னார். சரி, ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. 16-ஆம் அதிகாரத்தில் தன் பெயரில் ஒரே ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். 1 கொரிந்தியர் 12:28-இல் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள் என்று தொடங்கும் அதே வரிசையில் ‘உதவிகள்’ என்பதும் இருக்கிறது. அந்தத் தம்பி இப்போது துணையிருக்கும் பணிக்கும் வருகிறார்.

இரவு நேர முறைக்கு ஆட்கள் இன்னும் போதவில்லை. மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பயிற்சி முடித்த பிறகே வீடுகளுக்கு அனுப்புவோம். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்