சீதனக் காணிக்கு இன்னும் கணவரின் கையொப்பம்

ஆசிரியருக்கு,

வடக்கில் கணவர் காணாமற்போன பெண்களின் காணிச் சிக்கல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பிரச்சினையின் வேர் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள சீதனக் காணியைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்ற அனுமதி பெறலாம் என்பது உண்மை. ஆனால் சட்டத்தரணி செலவு, தவணைக்குத் தவணை பஸ் பயணம், அன்றைய கூலி இழப்பு எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்தான். நடைமுறையில் பலர் தடுக்கி நிற்பது இன்னும் சிறிய இடத்தில்: அடையாள அட்டையில் பெயருக்கு ஒரு எழுத்து, விவாகப் பதிவில் வேறொரு எழுத்து, காணி உறுதியில் தகப்பன் பெயர் மட்டும். சத்தியக் கடதாசி முடித்து வருவதற்குள் கடன் கேட்ட பருவமே போய்விடும்.

அரச காணி வாரிசுரிமையில் மகனுக்கிருந்த முன்னுரிமை 2022இல் நீக்கப்பட்டது. சொந்தக் காணிக்கும் அந்த நீதி வேண்டும். சம்மத விதியை நாடாளுமன்றம் நீக்கட்டும். அதுவரை, காணாமற்போனவர் தொடர்பில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்படும் காணாமைச் சான்றிதழையே போதிய சான்றாக ஏற்று, முதல் தவணையிலேயே நீதிமன்றம் அனுமதி வழங்க வழிசெய்ய வேண்டும்.

வாசகர்,
கிளிநொச்சி